குடிமைத் தொழிலும் குடிமைப் பணியும்: அரசியல் அறிவியல் பாடநூலைப் பிரதியாக வாசித்தல்

நூறு பிரதிகூட விற்காத கவிதைத் தொகுப்புக்குப் பத்துப் பக்கம் விமர்சனம் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்கிற பிள்ளைகள் மூன்று வருஷம் மனப்பாடம் செய்து, ஆறு பருவத் தேர்வுகளில் கொட்டிவிட்டு வருகிற பாடநூலை விமர்சனத்துக்குரிய பிரதியாக நாம் கருதுவதே இல்லை. சிறுகதையின் மௌனங்களைத் துருவித் துருவிப் பார்க்கிற கண், பாடநூலைக் கண்டதும் 'நிறுவனம்' என்ற ஒரே சொல்லில் கைகழுவிவிடுகிறது. கல்விக்கூடம் கருத்தியல் அரசு எந்திரங்களுள் முதன்மையானது என்று அல்தூஸர் 1970இல் சொன்னார். சரிதான். அதோடு வேலை முடிந்தது என்று நம்மில் பலர் இருந்துவிட்டோம். எந்திரம் எந்த மொழியில் ஓடுகிறது, அதன் பற்சக்கரம் எந்தச் சொல்லில் சிக்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

இந்தப் பாடத்தை நான் தமிழ் வழியில் படித்தவன். பிறகு சில காலம் கௌரவ விரிவுரையாளனாக நடத்தியவன். (சம்பளத்தில் குறைகிற தொகையைக் 'கௌரவம்' என்ற சொல்லால் ஈடுகட்டுவதும் அரசியல் அறிவியல்தான், எந்தத் தாளிலும் வராது.) நான் படித்த கல்லூரியில் சேர்க்கையின்போதே 'அரசியல் நடவடிக்கைகளில் ஈடுபட மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கினார்கள். இயற்பியல் மாணவனிடம் இயற்பியல் நடவடிக்கையில் ஈடுபட மாட்டேன் என்று யாரும் எழுதி வாங்குவதில்லை. இது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. தன் பொருளைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் கற்பிக்கப்படுகிற ஒரு துறை, தன் பொருளை எப்படிப்பட்ட மொழியில் பேசும் என்பதே இங்குக் கேள்வி.

முதலில் துறையின் பெயர். தமிழ்நாட்டில் 'அரசியல் அறிவியல்'. ஈழத்தில் முன்பு 'அரசியல் விஞ்ஞானம்', இன்று பல்கலைக்கழகங்களில் 'அரசறிவியல்'. ஈழத்துச் சொல்லில் அரசு இருக்கிறது, அரசியல் இல்லை. நம் சொல்லில் அரசியல் இருக்கிறது. ஆனால் அறிவியல் என்கிற வெள்ளைக் கோட்டுப் போட்டுத்தான் அது வகுப்புக்குள் வர முடிகிறது. பேச்சு வழக்கில் 'அரசியல் பண்ணாதே' என்றால் சூது பண்ணாதே என்று பொருள். அந்தச் சூதுக்கும் இந்த அறிவியலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபிப்பதே முதல் பருவத்தின் முதல் அலகு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1937இல் தொடங்கப்பட்டது பொது நிர்வாகத்தில் ஒரு பட்டயப் படிப்பு. ஆள்வதற்கு ஆள் தயாரிக்கும் தேவை முன்னே வந்தது. ஆட்சியைக் கேள்வி கேட்கும் தேவை பின்னே வந்ததா, வந்ததுதானா என்பதைப் பாடத்திட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ் வழியின் வரலாறும் இதனோடு பின்னியது. 1960 வாக்கில் சில கலைக் கல்லூரிகளில் பி.ஏ. பாடங்கள் தமிழுக்கு வந்தன. 1968இல் புகுமுக வகுப்புக்கு அறிவியல் பாடங்களும் தமிழில் வந்தன. இடையில் 1965. மாணவர் தெருவுக்கு வந்து, சுடப்பட்டு, ஓர் ஆட்சி மாற்றத்துக்கே பாதை போட்ட பிறகுதான் தமிழ் வழிக்கு அரசின் முழு ஆதரவு கிடைத்தது. பாடநூல் நிறுவனம் நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்களை வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் உழைத்த உழைப்பு சாதாரணமானதல்ல; கலைச்சொல் ஒவ்வொன்றையும் வெறுங்கையால் செய்தார்கள். ஆனால் அந்த நூல்கள் பேசிய தமிழ், அவை உருவாகக் காரணமான தெருவின் தமிழ் அல்ல. சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27இல் சுட்டுக் கொல்லப்பட்ட மாணவர் ராஜேந்திரனுக்குச் சிலை எழுந்தது. 'அழுத்தக் குழுக்கள்' என்ற பாடத்தில் அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் இருக்கும், ராஜேந்திரன் இருக்க மாட்டார். 1971இல் அதே பல்கலைக்கழகத்தில் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்ததை எதிர்த்த போராட்டத்தை ஒட்டி இறந்துபோன உதயகுமார் எந்தப் பட்டியலிலும் இல்லை. தேர்தல் மேடையில் எதிர்க்கட்சிக்காரன் வாயில் மட்டும் அவ்வப்போது வந்துபோவார்.

சொற்களுக்கு வருகிறேன். 'அரசுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?' தமிழ் வழியில் படித்த எவரும் ஒருமுறையாவது எழுதியிருக்கக்கூடிய விடை இது. அரசு நிரந்தரமானது, அரசாங்கம் மாறக்கூடியது. அரசுக்கு இறையாண்மை உண்டு, அரசாங்கம் அதன் முகவர். எழுதி முடித்து வெளியே வந்தால் பேருந்தில் 'தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்', எதிரே 'அரசு மருத்துவமனை', சுவரில் 'திராவிட மாடல் அரசு'. இதில் எது நிரந்தரம், எது முகவர்? 2021இல் 'மத்திய அரசா, ஒன்றிய அரசா' என்று தமிழ்நாடே சண்டை போட்டது. அரசமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. மையம் என்று சொல்லவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் அதை அலசிக்கொண்டிருந்த அந்த வருஷமும் நம் மாணவர்கள் 'மைய-மாநில உறவுகள்' என்று தலைப்பிட்டு நிர்வாக உறவு, சட்டமியற்றும் உறவு, நிதி உறவு என மூன்று பத்தி எழுதித் தேறினார்கள். 1971இன் ராஜமன்னார் குழு அறிக்கை அதில் இரண்டு வரி.

'இறையாண்மை' இன்னும் சுவாரசியமானது. பழந்தமிழில் இறை என்றால் கடவுள், அரசன், அரசன் வாங்கும் வரி. மூன்றும் சேர்ந்த ஒரு சொல்லைப் பாடநூல் போதான் வழியாகவும் ஆஸ்டின் வழியாகவும் விளக்குகிறது. நம் அரசியலுக்குள் இந்தச் சொல் சட்டமாக நுழைந்தது 1963இல், 16ஆவது திருத்தத்தின் வழியாக: இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் இனி யாரும் தேர்தலில் நிற்க முடியாது. திராவிட நாடு கோரிக்கை அந்த ஆண்டு கைவிடப்பட்டதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு ஊரறிந்தது. வகுப்பில் 'இறையாண்மையின் இயல்புகள்: முழுமை, நிரந்தரம், பகுக்கவியலாமை' என்று எழுதிப்போடுகிற ஆசிரியர் 1963ஐச் சொல்வதில்லை. பகுக்கவியலாமை என்பது ஒரு இயல்பாக வருகிறது, ஒரு கட்டளையாக வரவில்லை. பாடநூலின் மொழித் தந்திரம் முழுவதும் இதில் இருக்கிறது என்பேன்: வினையைப் பண்பாக மாற்றிவிடுவது. யாரோ ஒருவர் யாருக்கோ செய்தது, பொருளின் குணமாகிவிடுகிறது.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்த சொல் 'குடிமகன்'. குடியுரிமை அலகை நடத்திக்கொண்டிருந்தேன். டி.எச். மார்ஷல், 1950, சிவில் உரிமை, அரசியல் உரிமை, சமூக உரிமை. பின்பெஞ்சில் ஒரு பையன், "சார், எங்க ஊர்ல குடிமகன்னா முடிவெட்டுறவரத்தான் சார் சொல்லுவாங்க" என்றான். சிரிப்பு. ஒருத்தன் டாஸ்மாக்கைச் சொல்லி இன்னொரு சிரிப்பை வாங்கினான். மூன்றாவது ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது எனக்குத் தெரியும், வகுப்புக்கும் தெரியும்.

அந்தப் பையன் சொன்னது தவறில்லை. அகராதிகளிலும் இந்தப் பொருள் உண்டு. முடி திருத்துவோர், துணி வெளுப்போர், ஊருக்குக் கட்டுப்பட்டுப் பரம்பரையாகப் பணிசெய்து நெல்லும் சோறும் பெற்றவர்கள் குடிமக்கள். அவர்கள் செய்தது குடிமைத் தொழில். யாழ்ப்பாணத்திலும் இவ்வழக்கு உண்டு. திருக்குறளில் 'குடிமை' என்ற அதிகாரம் உயர்குடிப் பிறப்பின் சிறப்பைப் பேசுவது. ஆக, ஒரே சொல் மேலே பிறந்தவனின் பெருமையையும் கீழே வைக்கப்பட்டவனின் கடமையையும் சொல்லியிருக்கிறது. இதன் தலையில்தான் இருபதாம் நூற்றாண்டில் 'சிட்டிசன்' ஏற்றிவைக்கப்பட்டான். இன்று ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் பெயர் குடிமைப் பணித் தேர்வு. குடிமைத் தொழிலுக்கும் குடிமைப் பணிக்கும் இடையே ஒரு சொல்தான் வேறுபாடு. அதைக் கடக்கத்தான் பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் பாடத்தையே எடுக்கிறார்கள். தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஆங்கிலச் சுருக்கமான 'பி.சி.ஆர்.' ஊரில் எந்தத் தொனியில் உச்சரிக்கப்படுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஈழத் தமிழ் வேறு வழியில் போயிற்று. அங்கே 'பிரசை', 'பிரசாவுரிமை'. வடசொல் என்று நம் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் மலையக மக்களுக்கு அந்தச் சொல் ஏட்டுச் சொல் அல்ல. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மூன்று தலைமுறை அந்தச் சொல்லைச் சுமந்தது. சொல் எந்த மொழி என்பதைவிட அது யாரை வெளியே நிறுத்தியது என்பதைக் கேட்கும்போதுதான் கலைச்சொல்லாக்கம் அரசியலாகிறது. நம் கலைச்சொல் குழுக்களில் இந்தக் கேள்வி எழுந்த தடயம் நூல்களில் தெரியவில்லை.

'குடி'யை மறுபக்கம் திருப்பிப் போட்டவர் ஒருவர் உண்டு. பெரியார் 1925இல் தன் வார ஏட்டுக்குக் 'குடி அரசு' என்று பெயர் வைத்தார். இந்தியா குடியரசாவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னால், ஈரோட்டில். குடி என்ற சொல்லிலிருந்து கடமையைக் கழற்றிவிட்டு அதிகாரத்தை மாட்டிய செயல் அது. சொல்லாடல் மாற்றத்துக்கு ஃபூக்கோவிலிருந்து உதாரணம் தேடுகிற நாம் இதைப் பார்க்கலாம். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் பெரியார் இருக்கிறார்தான். பெரும்பாலும் 'இந்திய அரசியல் சிந்தனை' தாளின் பின்பகுதியில், சமூகச் சீர்திருத்தவாதியாக. அரசு பற்றி, தேசம் பற்றி, பிரதிநிதித்துவம் பற்றி அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியது சீர்திருத்தம். ஹாப்ஸ் எழுதியது கோட்பாடு. அம்பேத்கருக்கும் இதுவே கதி: அரசமைப்பின் சிற்பி என்ற பீடத்தில் ஏற்றி, 1936இன் 'சாதி ஒழிப்பு' பீடத்துக்கு அடியில் தள்ளப்படுகிறது.

மாணவர்கள் உண்மையில் படிப்பது பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அல்ல, மத்தியத் தேர்வாணையத்தின் பட்டியலை. ஐந்நூறு மதிப்பெண்ணுக்கான அந்த விருப்பப் பாடத்தில் மேலைச் சிந்தனையாளர் வரிசை பிளேட்டோவில் தொடங்கி கிராம்ஷி, ஹன்னா அரெண்ட் வரை வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். அந்த வரிசையில் ரூசோ இல்லை. இந்தியப் பகுதியில் தர்மசாஸ்திரம், அர்த்தசாஸ்திரம், பௌத்த மரபு, சர் சையது அகமது கான், அரவிந்தர், காந்தி, அம்பேத்கர், எம்.என். ராய். பெரியார் இல்லை, பூலே இல்லை. தர்மசாஸ்திரம் அரசியல் சிந்தனை. அதை எரித்தவர்களின் சிந்தனை அரசியல் அல்ல. கிராம்ஷியைச் சிறையில் போட்டவன் தேர்வாணையத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்: மேலாண்மை என்ற கருத்தாக்கத்தைப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு இருநூறு சொற்களில் அடக்கி, அதன் வழியாகவே மேலாண்மையில் பங்குபெற ஆள் எடுக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ரூடால்ஃப் தம்பதியர் (1967), ஹார்ட்கிரேவ் (1969), மார்கரெட் ராஸ் பார்னட் (1976) என்று அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் வன்னியர் சங்கத்தையும் நாடார் மகாஜன சங்கத்தையும் தி.மு.க.வையும் ஆராய இங்கே வந்தார்கள். அவர்களுக்கு நம் ஊர்தான் அரசியல் அறிவியல். அதே ஆண்டுகளில் நம் வகுப்பறைகளில் அமெரிக்க ஜனாதிபதியின் அதிகாரங்களும் சுவிட்சர்லாந்தின் நேரடி மக்களாட்சியும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு எம்.ஜி.ஆர். அரசியலை முதன்முதலாகக் கூர்மையாக வாசித்த நூலை 1992இல் எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன், பொருளாதார வரலாற்றிலிருந்து வந்தவர். துறை தன் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காததால் பக்கத்துத் துறைக்காரர் பார்த்துச் சொன்னார்.

பாண்டியனைக் குறிப்பிட இன்னொரு காரணமும் உண்டு. அரசியல் அறிவியல் பாடநூல் ஒன்று நாடாளுமன்றத்தை நிறுத்தியது 2012இல். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு நூலில் சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம்: நத்தையாக ஊரும் அரசமைப்பு, மேலே அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. திருமாவளவன் எழுப்பினார், அவை கொதித்தது, படம் நீக்கப்படும் என்று அமைச்சர் அறிவித்தார். ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷீகரும் விலகினார்கள். புனேயில் பல்ஷீகரின் அறை அடித்து நொறுக்கப்பட்டது. அடுத்த மாதமே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் ஆர்.கே. லட்சுமணின் சித்திரம். 1965இன் மாணவன் கையில் கல். இந்தப் பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்பது நகைச்சுவை. கருணாநிதி உள்ளிட்டோர் எதிர்த்தனர். தோரட் குழு பல சித்திரங்களை நீக்கச் சொன்னது. அக்குழுவில் மாறுபட்டுக் குறிப்பு எழுதியவர் பாண்டியன்.

நம் வட்டாரத்தில் அன்று இரண்டு அணி. ஒன்று கருத்துச் சுதந்திரம், மற்றது புண்பட்ட மனம். இரண்டும் வகுப்பறையைத் தவிர்த்துவிட்டன. சித்திரத்தில் இழிவு இல்லை, சாட்டை நத்தைக்குத்தான் என்று வாதிட்டவர்கள் 1949இன் தில்லி வாசகனை மனத்தில் வைத்திருந்தார்கள். சாட்டை என்ற பொருள் ஒரு பதினாறு வயதுத் தலித் மாணவியின் வீட்டு நினைவில் என்னவாக இருக்கிறது என்பது படத்தின் அர்த்தத்துக்கு வெளியே இருப்பதல்ல. வாசகரில்லாத பிரதி ஏது? திருமாவளவனின் கேள்வி வாசிப்பு பற்றிய கேள்வியாகச் சரியானது. ஆனால் நீக்குவதே விடை என்றபோது எல்லாக் கட்சியும் கைதூக்கியதே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. லட்சுமண் படத்தை வைத்து 'ஆங்கிலம் தெரியாத கை ஏன் கல்லெடுத்தது, சிரிப்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்' என்று ஒரு வாரம் வகுப்பு நடத்தலாம். 1965ஐப் பற்றி எந்தப் பத்தியும் அவ்வளவு சொல்லாது. ஒரு தடவை நீக்கிக் காட்டிய பிறகு கத்தரிக்கோல் யார் கைக்குப் போகும் என்பதும் தெரிந்துபோயிற்று: 2022இல் 'பாடச் சுமைக் குறைப்பு' என்ற பெயரில் 2002 குஜராத் வன்முறை அரசியல் அறிவியல் நூலிலிருந்து போயிற்று, 2023 மேயில் தில்லிப் பல்கலைக்கழகக் கல்விக் குழு பி.ஏ. அரசியல் அறிவியலின் நவீன இந்திய அரசியல் சிந்தனைத் தாளிலிருந்து இக்பாலை நீக்க முடிவெடுத்தது; அடுத்த மாதம் யாதவும் பல்ஷீகரும், வெட்டிச் சிதைத்த நூல்களில் எங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதினார்கள்.

சரி, இப்படியெல்லாம் இருக்கிற பாடத்தை எதற்குப் படிக்க வேண்டும், பேசாமல் இயக்கத்துக்கு வந்துவிடலாமே என்று தோழர்கள் கேட்பார்கள். அவர்களில் சிலர் பட்டம் வாங்கியவர்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் வருகிறவளுக்குப் பட்டம் கருத்தியல் எந்திரத்தின் விளைபொருள் அல்ல. கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போடுகிற சாதனம். 2010இன் சட்டம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருபது சதவீத முன்னுரிமை தந்தது. 2020 திருத்தம், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும் என்று இறுக்கியது. இதன் பிறகு தமிழ் வழிப் பிரிவைக் கழிவிடமாகப் பார்க்கிற பார்வை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அரசு வேலைக்காகப் படிப்பதைக் கேவலம் என்று பேசுவது, அப்பன் பாட்டன் அரசு வேலையில் இருந்தவர்களுக்குச் சுலபம்.

எனக்குள்ள சண்டை வேறு இடத்தில். '73ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் சிறப்பியல்புகளை விளக்குக': பத்து மதிப்பெண். மூன்றடுக்கு முறை, ஐந்தாண்டுப் பதவிக்காலம், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், நிதி ஆணையம். பத்துப் புள்ளி எழுதினால் எட்டு மதிப்பெண் உறுதி. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், ஒதுக்கப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொல்லப்பட்டார். அவரோடு மேலும் சிலர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தல் நடத்த முடியவில்லை, நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006இல்தான் முறையாக நடந்தது. மேலவளவு மதுரையிலிருந்து போய்வரும் தூரம்தான். இவை விடைத்தாளில் வந்தால் திருத்துகிறவர் 'பொருத்தமற்றது' என்று சுழிக்கிறார். ஒருமுறை மைய மதிப்பீட்டு முகாமில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "இது சோஷியாலஜி சார், நம்ம சப்ஜெக்ட் இல்ல." ஈஸ்டன் 1953இலும் அதன் பின்னும் அரசியலை விழுமியங்களின் அதிகாரபூர்வ ஒதுக்கீடு என்று வரையறுத்ததை அதே முகாமில் அத்தனை பேரும் டிக் அடித்துக்கொண்டிருந்தோம். நாற்காலி ஒதுக்கீட்டில் கொலை விழுந்தால் மட்டும் அது சமூகவியல்.

கிராம சபை இருக்கிறதே, அது சுவிட்சர்லாந்தின் நேரடி மக்களாட்சிக்கு நம் ஊர்ச் சட்டத்தில் உள்ள ஒரே உறவுக்காரன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது; 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. அகமதிப்பீட்டு ஒப்படைப்புக்கு ஒரு தடவை இதைக் கொடுத்துப் பார்த்தேன்: அவரவர் ஊர்க் கிராம சபைக்குப் போங்கள், சிறப்பியல்புகள் வேண்டாம், யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யார் பேசினார்கள், அதை மட்டும் எழுதுங்கள். பாதிப் பேர் இணையத்திலிருந்து கட்டுரை எடுத்து எழுதினார்கள். நாலைந்து பேர் போகாமலே போனதாக எழுதினார்கள். நாற்காலிகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்ததாக மூன்று பேர் எழுதியதிலிருந்து அது தெரிந்தது.

ஒரு மாணவி ஆறு பக்கம் எழுதியிருந்தாள். பள்ளிக்கூட மரத்தடி. நாலு நாற்காலி. ஒன்றில் செயலர், ஒன்றில் வட்டார அலுவலகத்திலிருந்து வந்தவர், ஒன்றில் தலைவரின் கணவர், ஒன்றில் போன தலைவர். தலைவர் என்கிற பெண் கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றார். தீர்மானப் புத்தகத்தில் ஐம்பத்திரண்டு கையெழுத்து. இருந்தவர்கள் பத்தொன்பது பேர், அதில் ஆறு பேர் பிள்ளைகள். மீதிக் கையெழுத்து முந்தின நாள் ரேஷன் கடை வரிசையில் வாங்கப்பட்டது. அவளுடைய அம்மாவின் கையெழுத்தும் அதில் இருந்தது. காலனித் தெருவிளக்கு பற்றி இவள் கேட்டிருக்கிறாள். "படிக்கிற புள்ள, உனக்கெதுக்கும்மா அரசியலு" என்று பதில். அதை அவள் அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, கீழே பாடநூலிலிருந்து 'அரசியல்' என்பதன் வரையறையை எடுத்து எழுதி, விளக்கம் எதுவும் தராமல் விட்டிருந்தாள்.

இந்த ஒப்படைப்புக்கு ஐந்து மதிப்பெண்தான் விதியில் உண்டு. ஐந்தையும் போட்டேன். பருவத் தேர்வில் அவளும் பத்துப் புள்ளிதான் எழுதினாள். பாஸ் பண்ண வேண்டுமே. ஏப்ரல் கடைசியில் வந்து, ஒப்படைப்பு நோட்டு வேண்டும் என்றாள். துறைக் கோப்பில் வைக்க வேண்டியது, எதற்கு என்றேன். "அந்த அம்பத்திரண்டு பேரு லிஸ்ட் அதுலதான் சார் இருக்கு. மே ஒண்ணாந்தேதி சபை வருது."